செல்போனால் வருகிற நோய் அல்ல இது

“ராத்திரி கண்விழித்துச் செல்போன் பார்த்தால், தூக்கமே வராமல் உயிரை வாங்கும் அந்த மூளை நோய் வந்துவிடும்” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு, நண்பரே. ‘ஃபேட்டல் ஃபெமிலியல் இன்சோம்னியா’ என்ற அந்த நோய் பரம்பரையாக வருவது. பிஆர்என்பி என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்தால் பிரியான் என்ற புரதம் உருக்குலைந்து, மூளையில் தூக்கத்துக்கு முக்கியப் பங்குள்ள தலாமஸ் என்ற பகுதியை அழிக்கிறது. 1986-ல் இத்தாலியின் பொலோனியா மருத்துவர்கள்தான் இதை விவரித்தார்கள். வெனிஸ் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக உயிர்களைப் பறித்த நோய். பெற்றோரில் ஒருவருக்கு அந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. பரம்பரை இல்லாமலும் வரலாம், ஆனால் அது அரிதிலும் அரிது. சாதாரணத் தூக்கமின்மைக்குச் சிகிச்சை இருக்கிறது, அது இந்த நோயாக மாறாது. ஏற்கெனவே தூக்கம் வராமல் தவிக்கிறவர்கள் இதைப் படித்துப் பயந்துபோவார்கள். தயவுசெய்து திருத்திவிடுங்கள்.