செக்யூரிட்டி ஒப்பந்தம் போட்டால் எல்லாப் பொறுப்பும் கைமாறிவிடுமா?

“செக்யூரிட்டி நிறுவனத்தோடு எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போட்டுவிட்டால், கட்டடத்தில் என்ன திருடு போனாலும், யாருக்கு அடிபட்டாலும் அவர்களே முழுப் பணமும் தர வேண்டும்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

இத்தகைய ஒப்பந்தங்களில் பெரும்பாலும் நேர்மாறான வரிகள்தான் இருக்கும். “நாங்கள் காப்பீட்டு நிறுவனம் அல்ல” என்று ஒரு பிரிவு. நஷ்டஈடு இவ்வளவுக்கு மேல் கிடையாது என்று இன்னொன்று. அந்த வரம்பு சில மாதச் சேவைக் கட்டணத்தைத் தாண்டாமலும் இருக்கலாம். காவலாளியின் கவனக்குறைவால்தான் திருட்டு நடந்தது என்பதையும் பொதுவாக உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும்.

அதை எப்படி நிரூபிப்பது? அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரவு எத்தனை முறை ரோந்து, எந்த வாசலில் யார், வருகைப் பதிவேடு யார் கையில் என்பதெல்லாம் பணி விவரப் பட்டியலில் இருக்க வேண்டும். “தக்க பாதுகாப்பு வழங்கப்படும்” என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்தத் தவறைச் சுட்டிக்காட்ட முடியும்?

அடிபட்டவர் விஷயம் வேறு. வளாகத்துக்கு வருபவர்களின் பாதுகாப்பில் உரிமையாளருக்குச் சட்டப்படி உள்ள கடமை, ஒப்பந்தம் போட்டதாலேயே மறைந்துவிடாது. அடிபட்டவர் அதில் கையெழுத்திடவில்லையே! அவர் உரிமையாளர் மீதும் வழக்குப் போடலாம். அப்புறம் அந்தத் தொகையை நிறுவனத்திடம் திரும்பக் கேட்க முடியுமா என்பது, ஈட்டுறுதிப் பிரிவு (ஒருவருக்கு வரும் இழப்பை மற்றவர் ஈடுகட்டுவதாக உறுதி தரும் பகுதி) எப்படி எழுதப்பட்டிருக்கிறது, அவர்களிடம் நடப்பில் உள்ள பொறுப்புக் காப்பீடு (பிறருக்குத் தர வேண்டிய நஷ்டஈட்டை ஏற்கும் காப்பீடு) இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. காப்பீட்டுச் சான்றிதழைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.