எய்தவன் இருக்க கேமை நோவானேன்

ஆயுதம் எடுத்துத் தாக்கிய ஒரு பையனை வீடியோ கேம்தான் கெடுத்தது என்று நிபுணர் ஒருவர் சொன்ன டிவி விவாதத்தில், நேற்று ராத்திரி நாற்பது விநாடியை மட்டும் வெட்டிப் போட்டு, என்னை டேக் செய்து, "இனியாவது கன்ட்ரோலரைக் கீழே வை" என்று எழுதிய அன்பருக்கு நன்றி. கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அதற்கு முப்பத்தேழு பேர் சிரித்திருக்கிறார்கள். யார் யார் என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். ஆமாம், எனக்கு அவ்வளவு நேரம் இருந்தது.

எந்தச் செய்தி, எந்த விவாதம் என்று மறுபடி விளக்கப் போவதில்லை. எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அந்தப் பையன் செய்தது கொடுமை, அதில் மறுபேச்சே கிடையாது. ஆனால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாலு பேரில் ஒருவராவது அவன் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டாரா? வகுப்பில் அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், ஆயுதம் அவன் கைக்கு எப்படி வந்தது, இதில் எதையாவது கேட்டார்களா? அவன் போனில் சுடுகிற கேம் ஒன்று இருந்ததாம். தீர்ந்தது வேலை. நெறியாளர் தலையாட்ட, விளம்பர இடைவேளை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஒருவன் போனில் கேம் இருந்தது என்பது, அவன் ஏன் அடித்தான் என்ற கேள்விக்குப் பதில் ஆகாது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே எல்லா மரத்திலும் காக்கை உட்கார்ந்திருக்கிறது. அந்த வயதில் கேம் விளையாடாத பையனைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். விழுந்த ஒரு பழத்துக்குக் கீழே நின்றுகொண்டு "பார்த்தாயா காக்கையை" என்று கத்தினால் என்ன செய்வது? மற்ற மரங்களைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்.

இது புதுப் பழியும் இல்லை. 1976-இல் 'டெத் ரேஸ்' என்று ஒரு ஆர்கேட் கேம் வந்தது. கார் ஓட்டி, குச்சி குச்சியாக இருக்கும் உருவங்களை மோத வேண்டும். இன்றைக்குப் பார்த்தால் குழந்தை கிறுக்கின கோடு மாதிரி இருக்கும். அதற்கே சமூகம் நாசமாகிறது என்று கூப்பாடு போட்டார்கள். 1993-இல் அமெரிக்க செனட்டில் 'மார்ட்டல் காம்பாட்' என்ற சண்டை கேமை வைத்து விசாரணையே நடந்தது. 1999-இல் அமெரிக்காவில் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூடு, உடனே 'டூம்' என்ற சுடுகிற கேமின் தலையில் பழி. அதற்கெல்லாம் முன்பு, 1950-களில், காமிக்ஸ் புத்தகம் படித்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று இதே செனட்டில் விசாரித்திருக்கிறார்கள். விசாரணை நாற்காலி அதேதான், அதில் உட்கார வைக்கப்படுகிற ஆள்தான் மாறுகிறார்.

2012-இல் அமெரிக்காவின் சேண்டி ஹுக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டையும் சொல்ல வேண்டும். கொன்றவன் வீட்டில் சுடுகிற கேம்கள் இருந்தது உண்மை. ஆனால் விசாரணை அறிக்கையைப் பார்த்தால், அவன் ஒரு தியேட்டருக்குப் போய் மணிக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தது 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்'. பாட்டுக்கு ஏற்றபடி காலால் அம்புக்குறிகளை மிதிக்கிற நடன கேம். நடனத்தைத் தடை செய் என்று யாராவது பேசிக் கேட்டீர்களா? நானும் கேட்கவில்லை.

"ஆய்வுகள் இருக்கின்றனவே" என்று ஒருவர் வருவார். வந்தும்விட்டார், இன்பாக்ஸில். இருக்கின்றன ஐயா. அவற்றில் வன்முறையை எப்படி அளந்தார்கள் என்று எப்போதாவது படித்தீர்களா? ஒருவரைக் கொஞ்ச நேரம் கேம் விளையாட வைப்பார்கள். பிறகு, பக்கத்து அறையில் இருப்பதாகச் சொல்லப்படும் ஓர் ஆளின் காதில் எவ்வளவு சத்தமாக, எத்தனை நேரம் இரைச்சலை ஊதுகிறார் என்று பார்ப்பார்கள். பக்கத்து அறையில் உண்மையில் ஆளே இருக்காது. இன்னொரு சோதனையில், காரம் பிடிக்காத ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லி, எவ்வளவு மிளகாய்ச் சாஸ் ஊற்றுகிறார் என்று எடை போடுவார்கள். இரண்டு ஸ்பூன் சாஸ் கூடுதலாக ஊற்றியவனுக்கும் ஆயுதம் எடுத்தவனுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது! அந்தத் தூரத்தை அந்த நிபுணர் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டார்.

சரி, எதிர்த் தரப்பில் இருப்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் வெளியிட்ட தீர்மானத்தில், வன்முறை கேம்களுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற ஆக்ரோஷத்துக்கும் சிறிய தொடர்பு உண்டு என்றே இருக்கிறது. ஆனால் கொலை, தாக்குதல் மாதிரியான வன்முறைக்குக் கேமைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்பதையும் அதே தீர்மானம்தான் சொல்கிறது. அதற்கு முந்தின வருடம் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரை வைத்துப் பார்த்தார்கள். பிள்ளை எப்படி நடந்துகொள்கிறான் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டார்கள். தொடர்பு தென்படவில்லை. 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், வன்முறை கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்ற கலிபோர்னியாவின் சட்டத்தை 7-க்கு 2 என்று தள்ளியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, ஹான்செல்-கிரெட்டல் என்ற பழைய குழந்தைக் கதையை எடுத்துப் போட்டார். அடைத்து வைத்தவளைக் குழந்தைகளே அடுப்புக்குள் தள்ளிக் கொல்லும் கதை அது. நாம் மட்டும் என்ன, துச்சாதனன் நெஞ்சைப் பிளந்து ரத்தம் குடித்த கதையைக் கேட்டுவிட்டுத்தானே தூங்கினோம்? அதைச் சொன்ன பாட்டியை யாரும் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

அடிமையாகிறார்களே என்பீர்கள். ஆகிறார்கள். உலக சுகாதார நிறுவனமே 2019-இல் அதை ஒரு கோளாறாக நோய்ப் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. நானே ஒரு வருடம் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு, வேலையிடத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் திட்டு வாங்கியிருக்கிறேன். அது வேறு வழக்கு. அதைப் பேசுவோம், இன்னொரு நாள்.

பத்து வயதுப் பிள்ளை விளையாடுகிறதே என்றால், அட்டையில் 17 வயது என்றோ 18 வயது என்றோ கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, வாங்கிக் கொடுத்த கை யாருடையது? ஹெட்செட்டில் அசிங்கமாகப் பேசுகிறார்கள் என்றால், பேசுவது மனுஷர்கள். நேற்று என் பதிவுக்குக் கீழே பேசியவர்கள் எந்த கேம் விளையாடிவிட்டு வந்தார்களாம்?

என் தம்பியைப் பற்றி இங்கே எழுதியதே இல்லை. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

அப்பா இறந்தபோது எனக்குப் பதினாறு, அவனுக்குப் பதினொன்று. அவன் அழவில்லை. பேசவும் இல்லை. கேட்டால் தலையை ஆட்டுவான், அவ்வளவுதான். வீட்டில் பழைய கன்சோல் ஒன்று, இரண்டு கன்ட்ரோலர். அதில் ஒன்றின் இடது ஸ்டிக் தேய்ந்து போயிருந்தது. விரலை எடுத்தாலும் ஆள் தானாக இடப்பக்கம் நகர்ந்துகொண்டே இருப்பான். தம்பி எப்போதும் அதைத்தான் எடுப்பான். டிவித் திரையை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரித்து, ராத்திரி முழுக்கச் சுடுவோம். ஆமாம், சுடுவோம். அந்த கேமில் ஒருவன் அடிபட்டு விழுந்தால், கூட்டாளி ஓடி வந்து பக்கத்தில் குனிந்து பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் எழ முடியும். ஒருநாள் நான் நட்டநடு வெளியில் விழுந்து கிடந்தேன். நாலு பக்கமும் குண்டு. அந்தத் தேய்ந்த ஸ்டிக்கோடு இழுத்து இழுத்து வந்தான். "அண்ணா, இரு, வந்துட்டேன்" என்றான். பல வாரத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், வாசலில் நின்று, நாங்கள் கேட்கட்டும் என்றே, "அப்பன் போன வீட்டுல சுட்டு விளையாடுறானுங்க, இதுங்க நாளைக்கு யார் கழுத்தை அறுக்குமோ" என்றார். அம்மா எதுவும் சொல்லவில்லை. தம்பி டிவியை அணைத்துவிட்டான். மறுபடி அவனை உட்கார வைக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது.

இப்போது அவன் வேறு ஊரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறான். இதுவரை யார் கழுத்தையும் அறுக்கவில்லை. வரவு செலவு இடித்தால் மட்டும் கொஞ்சம் கோபம் வரும்.

ஒரு தம்பியை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதாதே என்று யாராவது சொல்வீர்கள். ரொம்பச் சரி. ஒரு பையனை வைத்து மட்டும் நீங்கள் எழுதலாமா?

அந்தப் பையனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று திரிக்க வேண்டாம். என் கோபமே, அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள யாருக்கும் அக்கறை இல்லை என்பதில்தான். கேம் மேல் பழியைப் போட்டால் பள்ளிக்கூடம் பதில் சொல்ல வேண்டாம், வீடு பதில் சொல்ல வேண்டாம், ஆயுதத்தைப் பூட்டி வைக்காதவர் பதில் சொல்ல வேண்டாம். எல்லோருக்கும் எவ்வளவு வசதி! பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத் தவிர.

அந்த முப்பத்தேழு பேரில் மூன்று பேர் என் வீட்டில் வந்து உட்கார்ந்து என்னோடு கார் ரேஸ் விளையாடியவர்கள். அவர்களை அன்ஃபிரெண்ட் செய்யவில்லை. செய்யலாமா என்று விரலை வைத்துவிட்டு எடுத்தேன்.

காலையில் தம்பியிடமிருந்து மெசேஜ். அவனும் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறான். "அண்ணா, நாம ரெண்டு பேரும் ரொம்ப ஆபத்தானவங்களாம். நைட்டு வர்றியா?"

பத்து மணிக்கு, கேம் தொடங்குமுன் ஆட்கள் கூடுகிற லாபியில் இருப்பேன். கமெண்ட்டுகளுக்கு நாளைக்குத்தான் பதில்.