கரண்டியை விட்டுவிட்டீர்களே

பிரேசில் குழந்தை மருத்துவர் ஜில்டா ஆர்ன்ஸ் 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் இறந்ததை உங்கள் கட்டுரையில் நெஞ்சு கனக்க எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவருடைய கரண்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

இரண்டு முனையிலும் குழி உள்ள சின்ன பிளாஸ்டிக் கரண்டி அது. பெரிய குழி சர்க்கரைக்கு, சிறிய குழி உப்புக்கு. சுத்தமான தண்ணீர் ஒரு தம்ளர். வயிற்றுப்போக்கில் துவண்ட பிள்ளையை மீட்க இவ்வளவுதான் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் அளவு தவறாது. என் மூத்தவனுக்கு எட்டாம் மாதத்தில் வயிற்றுப்போக்கு வந்தபோது, விடிய விடிய மடியில் கிடத்தி இதே உப்புச் சர்க்கரைத் தண்ணீரைத்தான் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன். அதனால்தான் இந்தக் கரண்டி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1978இல் கணவரை இழந்தபோது ஜில்டாவுக்கு ஐந்து பிள்ளைகள். 1983இல், கத்தோலிக்கத் திருச்சபையில் கர்தினால் என்ற உயர்பதவியில் இருந்த அண்ணன் கேட்டுக்கொண்டதால், பிரேசிலின் பரானா மாநிலத்தின் ஃப்ளோரெஸ்டோபோலிஸ் என்ற சிற்றூரில் குழந்தைகளின் உயிர் காக்கும் பணியைத் தொடங்கினார். வெளியாரை அனுப்பவில்லை, அந்தந்தத் தெருப் பெண்களே வீடு வீடாகப் போனார்கள், மாதந்தோறும் குழந்தைகளை எடை போட்டார்கள். இயேசு ஐந்து அப்பங்களைப் பெருங்கூட்டத்துக்குப் பகிர்ந்த நற்செய்திக் கதையில் ஜில்டா கண்டது வெறும் அற்புதத்தை அல்ல, கூட்டத்தைக் குழு குழுவாக உட்காரவைத்த ஒழுங்கை. எவ்வளவு கூர்மையான வாசிப்பு!

அந்தக் கரண்டியின் படம் ஒன்றையாவது கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.