மூணாவது மாத்திரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் மருந்துக்கடையில் 17 வருஷமாக நிற்கிறேன். "மக்களே, காலு உளையுது, ரெண்டு மாத்திரை தா." இந்தக் குரல் கேட்காமல் ஒரு நாள்கூடக் கடை பூட்டியதில்லை. ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி, செங்கல் சுமப்பவர், தூத்தூர்ப் பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர் என்று எல்லாருக்கும் வேண்டியது டைக்ளோபினாக் என்கிற வலி மாத்திரைதான். ஆசானிடம் வர்மத்துக்குத் தடவிவிட்டு வருகிறவர்கூட, போகிற வழியில் இதையும் வாங்கிப் போவார்.

போன சித்திரையில் குலசேகரத்திலிருந்து ஒரு பால்வெட்டுகாரர் வந்தார். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இடுப்பு வலி. பத்து மாத்திரை கொடுத்தேன், டாக்டர் சீட்டு கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பதற்கு அட்டையிலேயே சிவப்புக் கோடு இருக்கிறது. நடுவில் ரெண்டு நாள் வயிற்றுப்போக்கு. அப்போதும் பிரஷர் மாத்திரையையும் விடவில்லை, வலி மாத்திரையையும் விடவில்லை. எட்டாம் நாள் முகமும் காலும் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறுகிற கழிவு கிரியாட்டினின். அது 4.8.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நம்ம ஊர்க் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் மட்டம் நிற்க வேண்டுமென்றால் கால்வாயில் தண்ணீர் வர வேண்டும், வாய் திறந்திருக்க வேண்டும், மடை இறுக்கமாக இருக்க வேண்டும். சிறுநீரக வடிகட்டிக்கும் அதே கணக்குதான். உடம்பில் நீர் குறைகிற நேரத்தில் ரத்தம் உள்ளே வருகிற குழாயை விரித்துப் பிடிப்பது உடம்பிலேயே ஊறுகிற புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வலியையும் வீக்கத்தையும் கூட்டுவதும் அதுதான். டைக்ளோபினாக் அது ஊறுவதைத் தடுக்கிறது. வலி குறையும், கூடவே குழாயும் சுருங்கும். வெளியே போகிற குழாயை இறுக்கிப் பிடிப்பது உடம்பில் ஊறுகிற இன்னொரு பொருளான ஆஞ்சியோடென்சின். டெல்மிசார்டான், எனாலாப்ரில் போன்ற பிரஷர் மருந்துகள் அந்தப் பிடியைத் தளர்த்தும். மூணாவது, சிறுநீரை அதிகமாகப் போக வைக்கிற நீர் மாத்திரை. அது கால்வாயில் வருகிற தண்ணீரையே குறைத்துவிடும். வாய் சுருங்கி, மடை திறந்து, வரத்தும் குறைந்தால் மட்டம் எங்கே நிற்கும்?

மாமா கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "நான் பிரஷருக்கு ஒரு மாத்திரைதானே மக்களே போடுறேன்?" ஒன்றுதான். ஆனால் அட்டையில் பெயருக்குப் பின்னால் ஒரு 'ஹெச்' இருந்தது. டெல்மிசார்டானோடு ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற நீர் மருந்தும் அதே மாத்திரைக்குள் இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. நான் கொடுத்தது அவருக்கு மூணாவது மருந்து.

2013இல் பிரிட்டனில் பிரஷர் மருந்து எடுக்கும் ஏறத்தாழ 4 லட்சத்து 87 ஆயிரம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். இந்த மூன்றும் சேரும்போது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு 31 சதவீதம் கூடியது. முதல் 30 நாளில் மட்டும் பார்த்தால் 82 சதவீதம். அதாவது, "நாலு நாளைக்குத்தானே" என்று போடுகிற அந்தக் காலத்தில்தான் ஆபத்து அதிகம். குளுகுளு அறையில் இருப்பவரைவிட, விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகக் குனிந்து வியர்வை கொட்டுகிறவருக்கு இது இன்னும் மோசம் என்பது என் எண்ணம்.

இதற்காகப் பிரஷர் மாத்திரையைத் தூர எறிந்துவிடாதீர்கள். பக்கவாதத்தைத் தடுத்துக்கொண்டிருப்பது அது. வலிக்குப் பாராசிட்டமால் போதுமா, தேய்க்கிற ஜெல் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் எந்த மருந்தை நிறுத்தி வைக்கலாம் என்று அன்றைக்கே கேளுங்கள். வலிக்கு ஊசி போடச் சொல்லும் முன்னால் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டுங்கள்.

கடைக்காரத் தம்பிமாரே, கூட்டம் நிற்கும், நேரம் இருக்காது, எனக்கும் தெரியும். "பிரஷருக்கு மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்க ஐந்து விநாடி ஆகாது. சீட்டு இல்லாவிட்டால் கொடுக்காதீர்கள். பக்கத்துக் கடையில் வாங்கிவிடுவார் என்பதெல்லாம் ஒரு காரணமா?

மாமாவுக்கு டயாலிசிஸ் தேவைப்படவில்லை. மருந்துகளை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றி, மூன்று வாரத்தில் கிரியாட்டினின் 1.4க்கு வந்தது. இப்போது பிரஷருக்கு வேறு மாத்திரை. போன வாரம் கடைக்கு வந்தவர், வாய் திறக்குமுன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.