வராத ஆளைத் தேடுறதுதான் சபை

"வீட்டிலிருந்தே யூடியூப்பில ஆராதனை பாக்கிறம்தானே பாஸ்டர், பிறகென்ன?" கொரோனா முடக்கத்துக்குப் பிறகு மட்டக்களப்பில் இந்தக் கேள்வி சாதாரணமாகிவிட்டது. பதில் சொல்ல வருகிறவர்கள், சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்கிற எபிரெயர் 10:25ஐ எடுத்துப் போட்டுவிட்டு எழும்பிப் போய்விடுகிறார்கள். வசனம் சரிதான். ஏன் கூடவேண்டும் என்று சொல்லாமல் அதை மட்டும் நீட்டினால், பள்ளிக்கூட வரவு இடாப்பைக் காட்டி வெருட்டுகிற மாதிரித்தான் இருக்கும்.

நான்கு நற்செய்தி நூல்களிலும் 'சபை' என்ற சொல் இரண்டே அதிகாரங்களில்தான் வருகிறது, இரண்டும் மத்தேயுவில். 16ஆம் அதிகாரத்தில் பாதாளத்தின் வாசல்கள் மேற்கொள்ளாத சபை. பிரசங்கங்களில் அடிக்கடி கேட்பது இதுதான். 18ஆம் அதிகாரத்தில் வருவதோ, ஒரு சகோதரன் இன்னொருவனுக்குக் குற்றம் செய்தால் என்ன செய்வது என்ற நடைமுறை: முதலில் தனியே போய்ப் பேசு, கேளாவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குச் சொல்லு. எந்தச் சபைக்கு? உலகம் முழுக்கப் பரந்த சபைக்கா போய் முறையிடுவது? இரண்டு பேரையும் முகம் தெரிந்த, இரண்டு வீட்டுக்கும் போய்வரக்கூடிய ஒரு கூட்டம் இருந்தால்தான் அந்தக் கட்டளைக்கு அர்த்தம். யாக்கோபு 5:14ம் அப்படித்தான். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பரை அழைக்கட்டும் என்றால், அழைத்தால் வரக்கூடிய தூரத்தில் மூப்பர் இருக்கவேண்டும். ரோமர் 16இல் பவுல் 20க்கு மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார், வாசிக்கும்போது நாங்கள் தாண்டிப் போகிற அதிகாரம் அது. பெயர்ப் பட்டியல்தானே என்று நினைக்கிறோம். அந்தப் பட்டியல்தான் சபை.

மட்டக்களப்புக்கு இது புதிதும் இல்லை. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மிஷனரி இங்கே வந்து இறங்கினார், அடுத்த வருடமே காலமானார். அவர் சார்ந்த மெதடிஸ்த இயக்கத்தின் உயிர்நாடி பிரசங்க மேடையில் அல்ல, 'வகுப்பு' என்ற சின்னக் கூட்டத்தில் இருந்தது. அது பிறந்த கதை சுவையானது. 1742இல் பிரிஸ்டலில் ஆராதனை மண்டபக் கடனை அடைக்க வழி தேடினார்கள். ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், அவரே வீடு வீடாகப் போய்ச் சேர்க்கவேண்டும் என்று முடிவானது. காசு சேர்க்கப் போனவருக்கு வீட்டுக்குள் நடப்பது தெரியவந்தது: சண்டை, குடி, வருத்தம், பட்டினி. கடனுக்காகத் தொடங்கியதை, இயக்கத்தின் தலைவர் ஜோன் வெஸ்லி ஆத்துமப் பராமரிப்பு முறையாகவே ஆக்கிவிட்டார். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற அயல்வீட்டுச் சிறு குழு செய்ய முயல்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

இன்றைக்கு இதை எப்படிச் செய்வது? வந்தவர், வராதவர் பெயரைக் குறிக்க ஒரு சீ.ஆர். கொப்பி போதும். குழுவில் எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். ஞாயிறு பின்நேரமே தலைவர் கொப்பியைப் பார்க்கவேண்டும், புதன்கிழமை வரை வைத்திருந்தால் மறந்துபோகும். ஒரு ஞாயிறு வராவிட்டால் ஒரு கோல். இரண்டு ஞாயிறு வராவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டும். மூன்றாவதும் வராவிட்டால் மூப்பருக்குச் சொல்லவேண்டும். வீட்டுக்குப் போனால் "ஏன் வரல்ல?" என்று தொடங்கவே கூடாது. "மாமி, சுகமா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர்களே சொல்வார்கள். காணிக்கைக் கவர் அன்றைக்குக் கையில் இருக்கவே கூடாது.

வாவிக்கு மேற்கே வயல் சூழ்ந்த படுவான்கரையில் வேளாண்மை வெட்டு நேரம் மூன்று நான்கு கிழமை ஆட்கள் வராமல் போவது பின்மாற்றம் அல்ல, விசுவாசத்தை விட்டு விலகுவதும் அல்ல, அது பிழைப்பு. அந்த நாட்களில் கூடுகையை இரவுக்கு மாற்றுகிற சபைதான் புத்தியுள்ள சபை. மனைவி மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன வீடுகளைக் கொப்பியில் தனியாகக் குறித்து வைக்கவேண்டும். அங்கே பிள்ளைகள் ஓய்வுநாள் பாடசாலைக்கு வராமல் விடுவதுதான் முதல் அறிகுறி, தகப்பன் வராமல் விடுவது பிறகுதான்.

இது எங்கே பிழையாகப் போகிறது? பெரும்பாலும் இரண்டு இடத்தில். குழு இருபதாகப் பெருகியும் பிரிக்க மனம் வராது, 'நல்லாப் போகுதே' என்று விட்டுவிடுவார்கள். இருபது பேரில் இரண்டு பேர் காணாமல் போனால் எவருக்கும் தெரியாது. மற்றது, ஜெபக் குறிப்பு. ஒரு வீட்டுக் கண்ணீரைச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டால், பத்து நிமிடத்தில் அது ஊர்க்கதை. பிறகு அந்த வீட்டுக் கதவு திறக்காது. பெயர் போடாமல் ஜெபித்தால் கர்த்தருக்கு விளங்காமலா போகும்?

காசு விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். பவுல் காணிக்கையைக் கொண்டுபோகத் தனியே போகவில்லை, குற்றம் சாட்ட இடம் வரக்கூடாதென்று கூட ஆட்களைச் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). உறவு முறையில்லாத இரண்டு பேர், கட்டிடத்தை விட்டு வெளிக்கிட முன்னமே எண்ணி, எழுதி, இரண்டு கையெழுத்தும் வைக்கவேண்டும். திங்கள் வங்கியில் போட்டுத் துண்டை அதே பக்கத்தில் ஒட்டவேண்டும். புருஷன் எண்ண மனைவி எழுதினால் அது இரண்டு பேர் அல்ல, ஒரு வீடு. காணி உறுதி போதகரின் சொந்தப் பெயரில் இருந்தால் இன்றே நொத்தாரிசிடம் போய்ப் பொறுப்பாளர்கள் பெயருக்கு மாற்றுங்கள். போதகர் நல்லவர்தான், யார் இல்லையென்றது? அவர் கண்ணை மூடியபிறகு உரிமை கேட்டு வரப்போவது பிள்ளைகள். சபை உடைவதற்கு உபதேசத்தைவிடக் காணிதான் அடிக்கடி காரணமாகிறது என்பது என் கருத்து.

"பெரிய கூட்டத்துக்குப் போனா ஒருத்தரும் நம்மளத் தெரியாது, அதுதான் நிம்மதி" என்று சொல்கிறவர்களின் கோபம் எனக்கு விளங்குகிறது. சின்னச் சபையில் கதை காவுகிறவர்களும் உண்டு, சீட்டுக்காசு சண்டையும் உண்டு. கொரிந்துச் சபையில் கர்த்தருடைய பந்திக்குக் கூடிவந்தபோதே ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருந்தான். பவுல் அவர்களை வீட்டிலிருந்து கொள்ளச் சொல்லவில்லை, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றார்.

யூடியூப் பிரசங்கம் கேளுங்கள், பிழையில்லை, நல்ல பிரசங்கிகள் இருக்கிறார்கள். ஆனால் செத்த வீடு என்று வந்தால் ராத்திரி பத்து மணிக்குக் கதிரை இறக்க வேண்டும், சேமக்காலையில் இடத்துக்குப் பேச வேண்டும், பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும், எட்டாம் நாளும் அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோக ஆள் வேண்டும். அந்த ஆறு பேரின் பெயரை இப்போதே சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.