கடைசி நொடியில் பாஸ் கொடுத்தால் பயமா?

நேற்று ராத்திரி நம்ம கூடைப்பந்து குழுவில் நடந்த சண்டையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்களுக்காக அதை மறுபடி இங்கே இழுத்துவர விருப்பமில்லை. பெயரும் சொல்லப்போவதில்லை. ரசிகர்கள் 'ராஜா' என்று கூப்பிடும் அமெரிக்க NBA கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் கடைசி நொடியில் சக வீரன் டேனி கிரீனுக்குப் பாஸ் கொடுக்கும் அந்தத் துண்டு வீடியோ, அதற்கு மேலே "ராஜாவாம் ராஜா, பயந்தாங்கொள்ளி" என்று ஒரு வரி. அவ்வளவுதான். நான் பொறுமையாக நாலு பத்தி பதில் எழுதினேன். அதற்குக் கீழே ஒருத்தர், "அக்கா, நீங்க சமையல் வீடியோ பாருங்க" என்று போட்டார். அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களில் நான் மதிக்கிற ரெண்டு பேரும் இருந்தார்கள். சரி, குழுவில் பேச வேண்டாம். இது என் சுவர். இங்கே முழுசாகப் பேசுகிறேன்.

சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ஆளில்லாமல் நிற்கிற சக வீரனுக்குக் கடைசி நொடியில் பாஸ் கொடுப்பது பயமில்லை. அது ஆட்டம். அந்தச் சக வீரன் ஷாட்டைத் தவறவிட்டாலும் அது பயமில்லை.

இப்போது அந்த வீடியோவுக்கு வருகிறேன். 2020 ஃபைனல்ஸ் (NBA கோப்பைக்கான கடைசித் தொடர், முதலில் நாலு ஆட்டம் ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை), ஐந்தாவது ஆட்டம். கொரோனாவால் ஆர்லாண்டோவில் பார்வையாளர்களே இல்லாமல் நடந்த தொடர். லெப்ரானின் லேக்கர்ஸ் அணி மயாமிக்கு எதிராக 3-1 என்று முன்னிலை, ஜெயித்தால் கோப்பை. அந்த வருஷம் ஜனவரியில்தான் லேக்கர்ஸின் பழைய நட்சத்திரம் கோபி பிரயண்ட் இறந்துபோனார். அவர் நினைவாக லேக்கர்ஸ் கறுப்பு ஜெர்சி போட்டு ஆடினார்கள். நமக்கு இங்கே சனிக்கிழமை காலை. மயாமி ஒரு பாயிண்ட் முன்னால் இருக்கிறது, 109-108. பந்து லெப்ரான் கையில். உள்ளே நுழைகிறார், மயாமி டிஃபென்ஸ் மொத்தமும் அவர் மேல் சரிகிறது. வெளியே த்ரீ பாயிண்ட் கோட்டுக்குப் பின்னால் (அங்கிருந்து போட்டால் மூன்று பாயிண்ட்), ரிங்குக்கு நேர் எதிரே, டேனி கிரீன். பக்கத்தில் ஒரு ஈ காக்கா இல்லை. லெப்ரான் பாஸ் கொடுக்கிறார். கிரீன் போடுகிறார். உள்ளே போகவில்லை. லேக்கர்ஸ் 111-108 என்று தோற்றது.

அந்த ஆட்டத்தில் லெப்ரான் எடுத்தது 40 பாயிண்ட், 13 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது). அதை வீடியோவில் வெட்டி எறிந்துவிட்டீர்கள். பரவாயில்லை. ஆனால் கிரீன் யார் என்று தெரியுமா? 2013 ஃபைனல்ஸில் சான் அன்டோனியோவுக்காக, அப்போது மயாமியில் ஆடிய இதே லெப்ரானுக்கு எதிராக 27 த்ரீ பாயிண்டர் போட்டவர். அன்றைக்கு ஒரு ஃபைனல்ஸ் தொடரில் அதுதான் சாதனை. 2014-இல் சான் அன்டோனியோவுடன் கோப்பை, 2019-இல் டொராண்டோவுடன் கோப்பை. அவருடைய கை எப்படிப்பட்டது என்று எதிரே நின்று வாங்கிக் கட்டிக்கொண்டவர் லெப்ரான். அந்த ஆளுக்குத்தான் கொடுத்தார். ரெண்டு மூணு பேர் கைக்கு நடுவில் தானே எம்பிப் போட்டுத் தவறவிட்டிருந்தால் "வீரமா முயற்சி பண்ணான்" என்று எழுதியிருப்பீர்கள், இல்லையா?

அந்த ஷாட்டுக்கு அப்புறம் கிரீனுக்கும் அவர் கட்டிக்கொள்ள இருந்த பெண்ணுக்கும் கொலை மிரட்டல் வந்தது. ஒரு பந்து ரிங்குக்குள் விழாததற்கு. ரெண்டு நாள் கழித்து ஆறாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் ஜெயித்தது, லெப்ரான் 28 பாயிண்ட், 14 ரீபவுண்ட், 10 அசிஸ்ட் (சக வீரனைப் பாயிண்ட் எடுக்க வைக்கும் பாஸ்). அந்த வீடியோவை யாரும் பகிர்வதில்லை.

இது 2020-இல் ஆரம்பித்த கதையும் இல்லை. 2007-இல் டெட்ராய்ட்டுக்கு எதிரான கிழக்குப் பிரிவு இறுதித் தொடர். அப்போது கிளீவ்லாந்துக்கு ஆடிய லெப்ரானுக்கு 22 வயசு. முதல் ஆட்டம், ரெண்டு பாயிண்ட் பின்தங்கல், கடைசி நொடிகள். உள்ளே நுழைகிறார், டிஃபென்ஸ் சூழ்கிறது, மூலையில் தனியாக நின்ற டான்யல் மார்ஷலுக்குப் பாஸ். தவறியது. கிளீவ்லாந்து 79-76 என்று தோற்றது. அன்றைக்கும் இதே பேச்சுதான்: பெரிய வீரன் என்றால் தானே போட வேண்டாமா, இவனுக்கு நெஞ்சுரம் இல்லை. அதே தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் அதே டெட்ராய்ட் அரங்கத்தில் 48 பாயிண்ட் எடுத்தார். தன் அணியின் கடைசி 25 பாயிண்டையும் அவர் ஒருத்தரே எடுத்தார். ரெண்டு ஓவர்டைம் (சமநிலையானால் தரும் கூடுதல் நேரம்) தாண்டி 109-107 என்று கிளீவ்லாந்து ஜெயித்தது. முடித்து வைத்த லேஅப்பும் (ரிங்குக்குக் கிட்டே போய்ப் போடும் ஷாட்) அவருடையதுதான். ஆறாவது ஆட்டத்தில் டெட்ராய்ட் அவர் மேலேயே ஆளைக் குவித்தது. அவர் என்ன செய்தார்? மறுபடி பாஸ் கொடுத்தார். டேனியல் கிப்சன் என்ற புது வருஷப் பையன் 31 பாயிண்ட் எடுத்தான், கிளீவ்லாந்து முதல் தடவையாக ஃபைனல்ஸ் போனது. ஒரே தொடர், ஒரே ஆள், ஒரே மூளை. மார்ஷல் தவறவிட்டால் பயம், கிப்சன் போட்டால் மேதைமையா? பாஸ் அதேதானே?

இப்போது வரிசையாக வருவீர்கள், தெரியும்.

"2011?" என்பீர்கள். மயாமிக்கு ஆடியபோது, ஃபைனல்ஸில் டல்லாஸுக்கு எதிரான நாலாவது ஆட்டத்தில் 8 பாயிண்ட். தொடர் முழுக்க சராசரி 17.8. மோசம். நான் எப்போது மறுத்தேன்? என் பழைய பதிவுகளைத் தேடிப் பாருங்கள், அதை மோசம் என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்கும் இந்தப் பாஸுக்கும் என்ன சம்பந்தம்? அன்றைக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். அதைத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன். அடுத்த வருஷமே பாஸ்டனில், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஆறாவது ஆட்டத்தில் 45 பாயிண்ட், 15 ரீபவுண்ட் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். ஒரு மனுஷனுடைய 26 வயசுத் தொடரை வைத்து ஆயுசு முழுக்க அடிப்பீர்களா?

"ஜோர்டானா இருந்தா பாஸ் கொடுத்திருப்பாரா?" என்பீர்கள். இதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கிற கேள்வி. கொடுத்தார். சிகாகோவின் மைக்கேல் ஜோர்டான், 1997 ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டம், யூட்டாவுக்கு எதிராக, 86-86 சமநிலை. ஜோர்டான் மேல் ரெண்டாவது ஆள் பாய்ந்தான், அவர் ஸ்டீவ் கெர்ருக்குக் கொடுத்தார், கெர் போட்டார், சிகாகோ கோப்பையைத் தூக்கியது. அதற்கு என்ன பெயர் வைத்தீர்கள்? நம்பிக்கை. தலைமைப் பண்பு. சக வீரனை மதிக்கத் தெரிந்தவர். எனக்கும் அந்தப் பாஸ் உயிர். நான் ஜோர்டானைக் குறைத்துப் பேசவே இல்லை. கெர் அன்றைக்குத் தவறவிட்டிருந்தால் ஜோர்டானையும் பயந்தாங்கொள்ளி என்று எழுதியிருப்பீர்களா? மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"2016-இல் கைரி போட்டதாலதான் ஜெயிச்சாங்க." ஆமாம், அந்த வருஷ ஃபைனல்ஸ் ஏழாவது ஆட்டத்தில், லெப்ரான் திரும்பிப் போயிருந்த கிளீவ்லாந்துக்காகச் சக வீரன் கைரி இர்விங் போட்டார். கடைசி நிமிஷத்தில், கோல்டன் ஸ்டேட் அணியின் கர்ரி முகத்துக்கு நேரே. எத்தனை தடவை பார்த்தாலும் சிலிர்க்கிற ஷாட். அதற்கு முன்னால், ஒரு நிமிஷம் ஐம்பது நொடி மிச்சமிருக்கும்போது, அதே அணியின் இகுவடாலாவைப் பின்னாலிருந்து துரத்திவந்து பந்தைப் பலகையோடு அறைந்தது யார்? அந்த சீசனில் 73 ஆட்டம் ஜெயித்த கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 3-1 என்று பின்தங்கிய பிறகு 41 பாயிண்ட், அடுத்த ஆட்டத்தில் 41, ஏழாவது ஆட்டத்தில் ட்ரிபிள் டபுள் (பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றும் பத்துக்குக் குறையாமல்) எடுத்தது யார்? இதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை.

2013-ஐயும் சொல்லிவிடுகிறேன். ஃபைனல்ஸில் மயாமிக்கும் சான் அன்டோனியோவுக்கும் ஆறாவது ஆட்டம். கோப்பை வழங்கும் சடங்குக்காக மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மயாமி மூன்று பாயிண்ட் பின்தங்கல். அன்றைக்கு லெப்ரான் தானேதான் போட்டார். நீங்கள் கேட்கிற வீரம்! தவறியது. சக வீரன் கிறிஸ் பாஷ் ரீபவுண்ட் எடுத்து மூலையில் இன்னொரு சக வீரன் ரே ஆலனுக்குத் தள்ளினார், ரே ஆலன் பின்வாக்கிலேயே கால் வைத்து எம்பிப் போட்டார், 5.2 நொடி மிச்சத்தில் சமநிலை. ஆலனுடைய மணிக்கட்டு கொஞ்சம் பிசகியிருந்தால் ஏழாவது ஆட்டமே இல்லை, அதில் லெப்ரான் எடுத்த 37 பாயிண்டும் இல்லை. அவர் நெஞ்சுக்குள் இருந்த தைரியம் ரே ஆலன் ஷாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றுதானே? இன்னொருத்தர் மணிக்கட்டை வைத்து இவருடைய மனசை அளந்துவிட்டீர்கள் என்றுதான் சொல்கிறேன். கிளீவ்லாந்துக்கு ஆடிய 2018 ஃபைனல்ஸ் முதல் ஆட்டத்திலும் அதேதான். 51 பாயிண்ட் எடுத்துவிட்டு, கடைசியில் உள்ளே ஓடிய ஜார்ஜ் ஹில்லுக்குச் சரியான பாஸ் கொடுத்தார். ஹில்லுக்கு ஃபவுல் கிடைத்தது. முதல் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடையில்லாமல் போட விடும் ஷாட்) உள்ளே, ரெண்டாவது வெளியே. ஆட்டம் ஓவர்டைமுக்குப் போய், கிளீவ்லாந்து தோற்றது.

இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று நேற்று ஒரு தோழி இன்பாக்ஸில் கேட்டாள். சொல்கிறேன்.

என் தம்பி பள்ளி அணியில் பாயிண்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய்ப் பாஸ் கொடுத்து ஆட்டத்தை நடத்துகிறவன். சிமென்ட் கோர்ட், வலை அறுந்த ரிங், சாயங்காலம் ஆனால் பந்தே கண்ணுக்குத் தெரியாது. அங்கேதான் ரெண்டு பேரும் ஆடிப் பழகினோம். மே மாசம் பெரியகுளத்தில் அகில இந்தியப் போட்டி நடக்கும்போது அப்பா எங்களைக் கூட்டிப்போவார். பெரிய அணிகளின் பாயிண்ட் கார்ட் எங்கே பார்த்துக்கொண்டு எங்கே பாஸ் கொடுக்கிறான் என்பதைத்தான் தம்பி வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பான். அவனுக்கு அந்தக் கண் இருந்தது. அவன் பிளஸ் ஒன் படிக்கும்போது மாவட்ட அளவில் அரையிறுதி. ஒரு பாயிண்ட் பின்னால், கடைசி நொடிகள். ரெண்டு பேர் அவனை மறித்தார்கள். மூலையில் தனியாக நின்ற பையனுக்குக் கொடுத்தான். பந்து ரிங்கில் சுற்றி வெளியே உருண்டது.

அவர்களுடைய பி.டி. சார் மொத்தக் கூட்டத்துக்கும் முன்னால், "பொட்டப்புள்ள மாதிரி பயந்து பந்தைத் தள்ளிட்டியேடா" என்றார். நான் ரெண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். தம்பி போஸ்ட்டுக்கு அடியில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்தான். வியர்வையில் ஊறி முடிச்சு இறுகிப்போயிருந்தது, விரல் நடுங்கியது, அவிழவில்லை. கட்டியபடியே காலை உருவி ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தான். மூலையில் நின்று போட்ட பையன் அதற்கப்புறம் கிரவுண்டுக்கே வரவில்லை.

அடுத்து ஒரு டோர்னமென்ட். அதே மாதிரி நிலைமை. தம்பி இந்தத் தடவை ரெண்டு பேர் கைக்கு நடுவிலேயே எம்பினான். பந்தை அறைந்து தள்ளினார்கள். அணி தோற்றது. அதே சார் முதுகில் தட்டி, "இப்பதான்டா ஆம்பளையா ஆடியிருக்கே" என்றார். நல்ல பாஸுக்கு ஏச்சு, கெட்ட ஷாட்டுக்குப் பாராட்டு. பதினாறு வயசுப் பையன் எதைக் கற்றுக்கொள்வான்? பாஸ் கொடுப்பதையே விட்டான். அடுத்த வருஷ செலக்‌ஷனில், "இந்தப் பையன் யாருக்கும் பந்தே கொடுக்க மாட்டேங்கிறான்" என்று சொல்லித்தான் அவனைக் கழித்துவிட்டார்கள். அன்றோடு முடிந்தது. இன்றைக்கு அவன் ஃபைனல்ஸ்கூடப் பார்ப்பதில்லை. காலையில் நான் டிவி போட்டால் எழுந்து போய்விடுவான்.

"ஒரு மீமுக்கு இவ்வளவு உணர்ச்சிவசப்படணுமா?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். லெப்ரானுக்கு உங்கள் மீமால் ஒன்றும் ஆகாது, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் குழுவில் பள்ளி அணியில் ஆடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நிறையப் பேர் டிபியே ஜெர்சியோடுதான் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பார்க்கிற இடத்தில் "பாஸ் கொடுத்தான், பயந்தாங்கொள்ளி" என்று எழுதுகிறீர்கள். குழுவில் மூன்று பேர் உள்ளூரில் கோச்சிங் கொடுப்பவர்கள். நீங்களும் லைக் போட்டிருக்கிறீர்கள். உங்களிடம் வருகிற பிள்ளை நாளைக்குத் தனியாக நிற்கிறவனுக்குப் பந்தைக் கொடுத்துத் தோற்றுவிட்டு வந்தால் என்ன சொல்வீர்கள்?

லெப்ரான் உங்களுக்குப் பிடிக்க வேண்டாம். மயாமிக்குப் போனதை டிவியில் அறிவித்தது பிடிக்கவில்லையா, திட்டுங்கள். அணி மாறி மாறிப் போனது பிடிக்கவில்லையா, திட்டுங்கள். 40 வயசில் மின்னசோட்டாவிடம் முதல் சுற்றிலேயே தோற்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜோர்டான்தான் பெரியவர் என்று சொல்லுங்கள், நான் சண்டைக்கே வரமாட்டேன். அந்தப் பாஸை மட்டும் தொடாதீர்கள்.

கமெண்டில் வாதாட வருகிறவர்களுக்கு: அந்த வீடியோவை லெப்ரான் கையிலிருந்து பந்து கிளம்புகிற இடத்தில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவர் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டுங்கள். உட்கார்ந்து பதில் சொல்கிறேன். சமையல் வீடியோ ஆசாமிக்குப் பதில் கிடையாது. என் தம்பியை டேக் செய்கிறவர்களையும் அவன் கதையைக் கிண்டல் செய்கிறவர்களையும், எத்தனை வருஷப் பழக்கமாக இருந்தாலும், ப்ளாக் செய்துவிடுவேன்.