நெட் வரணும்னா நெட் வேணுமாம்

நேத்து ராத்திரி லினக்ஸ்ல கர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) அப்டேட் முடிச்சு லேப்டாப்ப ரீபூட் பண்ணா வைஃபை ஐகானயே காணோம்ங்க. நெட்வொர்க் இணைப்புகள காட்டற "ஐபி லிங்க்" கமாண்ட் அடிச்சா லோ (கம்ப்யூட்டர் தனக்குள்ளயே பேசிக்கற இணைப்பு) மட்டும்தான் வருது, உள்ள இருக்கற கார்டுகளையும் அதோட டிரைவரையும் காட்டற "எல்எஸ்பிசிஐ -கே" போட்டா வைஃபை கார்டு பேரு தெரியுது, ஆனா கீழ "கர்னல் டிரைவர் இன் யூஸ்"ங்கற வரியே இல்ல, அதாவது கார்ட இயக்கற டிரைவரே ஓடல. வயித்த கலக்கிடுச்சு, காலைல மீட்டிங் வேற. இந்த கார்டோட டிரைவர் கர்னலுக்குள்ள கிடையாது, ஒவ்வொரு புது கர்னலுக்கும் டிகேஎம்எஸ்ங்கற டூல் அத மறுபடி கம்பைல் பண்ணணும், அதுக்கு அதே வெர்ஷன் கர்னல் ஹெடர்ஸ் (கம்பைல் பண்ணத் தேவையான ஃபைலுங்க) வேணும், அது இன்ஸ்டால் ஆகல. ஹெடர்ஸ் இறக்க நெட் வேணும், நெட்டுக்கு டிரைவர் வேணும், டிரைவருக்கு ஹெடர்ஸ் வேணும்! லேன் போர்ட்டும் இல்ல. கடைசில மொபைல யூஎஸ்பில சொருகி, டெதரிங் போட்டு அதோட நெட்டுலயே ஹெடர்ஸ இறக்கினேன் (அது மட்டும் சொருகினதும் வேல செஞ்சுது, புண்ணியமா போகும்). பில்ட் ஆச்சேன்னு டிரைவர ஏத்தற மாட்ப்ரோப் கமாண்ட் அடிச்சா "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்". செக்யூர் பூட் ஆன்ல இருக்கு, தனக்குத் தெரிஞ்ச கீயால சைன் பண்ணாத மாட்யூல (டிரைவர் ஃபைல) உள்ள விடாது. மறுபடி ரீபூட், பூட் ஆகறப்ப வர்ற நீலக் கலர் ஸ்க்ரீன்ல டிரைவர சைன் பண்ண கீய என்ரோல் பண்ணி பாஸ்வேர்ட் அடிச்சு முடிக்கறப்ப மணி ரெண்டே கால். டிரைவர் பில்ட் ஆகலைன்னா ரீபூட்டுக்கு முன்னாடியே பெருசா சொல்லுங்கப்பா, ஓடுற லாக்குக்கு நடுவுல ஒத்த வரியா சொன்னா யாரு கண்ணுல படும்?